கடைக் கணக்குக்கு ஜாங்கோ

கடைக் கணக்குக்கு சொப்ட்வெயர் செய்து தாருங்கள் என்றால், நமது பிள்ளைகளில் பலர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாமே எழுதத் தொடங்கி விடுகின்றனர். எழுதியவர் வெளிநாடு போனதும் அதை விளங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் இப்படித்தான் மறுபடி கொப்பிக்கே திரும்பினார்.

பலருக்கும் பழக்கமான 'பிரேம்வேர்க்' ஒன்றின் மேல் கட்டச் சொல்வதே இதற்கு வழி. சுவரும் கூரையும் உள்ள கடையை எடுத்து, இறாக்கையை மட்டும் நம் சரக்குக்கு ஏற்றபடி அடிப்பது போன்றது அது. பைதன் மொழியில் அமைந்த ஜாங்கோ அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லோரன்ஸ் நகரப் பத்திரிகையொன்றில் வேலை செய்த ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003இல் ஆரம்பித்தது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. பத்திரிகைக்காரரின் அவசரத்துக்காகச் செய்யப்பட்டதால் வேலை சுருக்காக நடக்கும்.

கணனியில் பைதன் இருந்தால், 'பிப் இன்ஸ்டோல் ஜாங்கோ' என்ற ஒரே கட்டளையில் அது வந்துவிடும். 'ஸ்டார்ட்புரொஜெக்ட்' என்ற கட்டளை வேலைக்கான கோப்புகளை அமைக்கும். பிறகு 'மொடல்' என்ற பகுதியில் பொருள், விலை, கையிருப்பு, கடன் பாக்கி என நமது கொப்பியின் நிரல்களை எழுத வேண்டும். 'மைக்ரேட்' என்றதும் அவை தரவுத்தள அட்டவணைகளாகி விடும். அவற்றை நிர்வாகப் பக்கத்தில் பதிவு செய்தால், சேர்க்கவும் திருத்தவும் அழிக்கவும் தேவையான பக்கங்கள் தாமாகவே வரும். எந்த ஊழியர் எதைத் தொடலாம் என்று வரையறுக்கலாம். அந்தப் பக்கத்தின் வழியாக யார், எப்போது திருத்தினார் என்ற பதிவும் இருக்கும். நமக்கு இதுதான் பெரிய காரியம்.

ஆனால் செய்பவரிடம் சிலவற்றை வியாபாரியே கேட்க வேண்டும். பண நிரல் 'டெசிமலா', 'ஃப்ளோட்டா'? ஃப்ளோட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைதன் 0.30000000000000004 என்று காட்டும். சதக் கணக்கு அப்படி நிற்காது. ஆரம்பத்தில் தரவு முழுவதும் எஸ்கியூலைட் என்ற ஒரே கோப்பில்தான் இருக்கும். அதற்குத் தினமும் பிரதி எடுக்கப்படுகிறதா? 'ரன்சேர்வர்' கட்டளையில் ஓட்டிக் காட்டுவது ஒத்திகைக்கு மட்டுமே. அதையே இணையத்தில் திறந்து வைப்பது, கல்லாவைப் பூட்டாமல் தொழுகைக்குப் போவது போல.

எந்தப் பதிப்பு என்றும் விசாரியுங்கள். 'எல்.டி.எஸ்.' எனப்படும் பதிப்புகளுக்கு சுமார் மூன்று வருடங்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது.