வெண்பனியும் வெண்மேகமும்

பருவமழை தொடங்குவதற்கு முன், கோடை வெயிலில் பஞ்சாபின் வயல்கள் வறண்டு கிடக்கும் நாட்களிலும் சட்லெஜ் நதி பக்ரா அணைக்கு நீர் கொண்டுவருகிறதென்றால், குளிர்காலம் முழுதும் இமயத்தில் படிந்த பனி அப்போது சிறுகச் சிறுக உருகுவதே அதற்கு முக்கிய காரணம். ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு ஏறத்தாழ 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அதில் பெரும்பங்கை அளிப்பவை சூரிய கிரணங்களே. ஆகவே எந்தச் சரிவில் எவ்வளவு வெயில் விழுகிறதென்று அறிந்தவர், அணைக்கு வரப்போகும் நீரையும் ஒருவாறு கணித்துவிடலாம்.

ஆனால் வெயிலை அளக்கும் கருவியைச் சிகரந்தோறும் நாட்டுவது இயலாத காரியம். நாட்டினாலும், அதன் கண்ணாடிக் குமிழைப் பனி மூடிவிட்டால் நண்பகலையும் அது அந்தியென்றே காட்டும். எனவே விஞ்ஞானிகள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று படமெடுக்கும், 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி போன்ற செயற்கைக்கோள்களை நாடினர்.

சமவெளியில் இம்முறை சுலபமானது. தரை கறுத்தும் மேகம் வெளுத்தும் தோன்றுவதால், படத்தில் வெண்மை மிக மிக, வெயில் அவ்வளவுக்குத் தடைப்பட்டதென்று கொள்ளலாம். இமயத்திலோ தரையே வெண்மை. புதிதாய் விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் 100க்கு 80 பங்குக்கு மேல் திருப்பியனுப்பிவிடுகிறது. வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பும் வெகுளியைப்போல, இந்தக் கணக்கும் நிர்மலமான வானத்தின்கீழ் ஒளிரும் பனிவெளியை மேகமென்று மயங்கி, வெயில் சுட்டெரிக்கும் நாளை மப்பு நாளென்று எழுதிவிடுகிறது.

இம்மயக்கத்தைத் தெளிவித்தது, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி. சுமார் 1.6 மைக்ரான் அலைநீளத்தில் பனி ஒளியைப் பெரிதும் விழுங்கிக் கறுத்துத் தோன்ற, நீர்த்துளிகளாலான மேகம் அங்கும் வெளுத்தே நிற்கிறது. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா என்னும் செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் கருவியின் பனிப்படங்கள் இந்தப் பேதத்தை ஆதாரமாகக் கொண்டவையே. பனித்துகள்களாலான மெல்லிய உயர்மேகம் மட்டும் சிலவேளை இச்சோதனைக்கும் தப்பிவிடுகிறது. இயற்கை அத்தனை எளிதில் பிடிகொடுப்பதில்லை!

மேகத்தைப் பிரித்தறிந்த பின்னும் மலையின் கோணல்கள் மிஞ்சுகின்றன. தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் குளிக்கையில், வடக்கு நோக்கிய சரிவு அயல்சிகரத்தின் நிழலில் கிடக்கும். எதிரே உள்ள பனிச்சரிவு எறியும் ஒளியும் அச்சரிவை வந்து சேரும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடாரால் எடுத்த உயர அளவுகள் இவற்றைக் கணிக்கப் பெரிதும் உதவுகின்றன.

விழும் வெயில் முழுவதும் பனியை உருக்கிவிடுவதுமில்லை. நாட்பட்டுப் புழுதியும் கரியும் படிந்த பனி, புதுப்பனியைவிட மிகுதியாக வெயிலை உட்கொண்டு விரைந்து கரைகிறது. ஆகையால் பனியின் வெண்மையை மாறாத ஓர் எண்ணாக வைத்துப் போட்ட கணக்கை நம்பி அணையின் மதகைத் திறப்பது விவேகமாகாது என்பதே என் அபிப்பிராயம்.