பளபளக்கும் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

விடுமுறை நாளில் பல வீடுகளில் நடப்பதுதான். மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டுவார்கள். கூழாங்கற்களைக் குழாயடியில் தேய்த்து அலசுவார்கள். ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்குவார்கள். புதுத் தண்ணீர் நிரப்பியதும் தொட்டி பளபளக்கும். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். ‘நமக்கு மீன் ராசியில்லை’ என்று தொட்டி பரணுக்குப் போய்விடும்.

இதில் ராசிக்கு வேலையில்லை. மீன்களைக் காத்துவந்த ஓர் உயிர்க்கூட்டம் அந்தக் குழாயடியில் கழுவிப் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொண்டால் மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் கைவந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீனின் உடலில் புரதம் செரிக்கும்போது அமோனியா உண்டாகிறது. அதன் பெரும்பகுதியை மீன் செவுள் வழியாகவே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் கழிவும் அழுகும்போது மேலும் அமோனியா சேர்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது நீர்த்துப்போகும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது போக வழியில்லை. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. ஆகவே, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரும் மீனுக்கு நஞ்சாக இருக்கலாம்.

இந்த நஞ்சின் வீரியத்தைத் தண்ணீரின் கார அமிலத் தன்மை தீர்மானிக்கிறது. பி.ஹெச் அளவு 7 உள்ள நீரில் அமோனியாவின் மிகச் சிறு பங்கே கொடிய வடிவில் இருக்கும். அளவு 8 ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. அங்கே கொஞ்சம் அமோனியா சேர்ந்தாலும் செவுள்கள் புண்ணாகிவிடும்.

பஞ்சில் குடியிருக்கும் காவலர்கள்

அமோனியாவைத் தின்றே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை ரஷ்ய அறிவியலாளர் செர்கை வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டுவாக்கில் நிறுவினார். தொட்டியில் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடியதே. அது ரத்தத்தில் கலந்தால், ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை ரத்தம் இழந்து பழுப்பு நிறமாகிவிடும். காற்றுக்குமிழிகள் நிறைந்த தொட்டியிலும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. அளவு மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் கட்ட வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகவே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இரண்டு கட்டங்களையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015இல் கண்டறிந்தார்கள். அவற்றுள் சில கிடைத்த இடம், மீன் வளர்ப்பு நிலையம் ஒன்றின் வடிகட்டி.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஃபில்டர் பஞ்சு, கூழாங்கல், கண்ணாடி எனக் கிடைத்த பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டி வாழும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் பாதி அடித்துப்போகும். மீதியைக் குளோரின் கொல்லும். அவை மெதுவாகவே பெருகுபவை. அதனால்தான் புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுவதும், பழைய தொட்டியை முழுக்கக் கழுவுவதும் மீனைப் பொறுத்தவரை ஒரே கேட்டைத்தான் தருகின்றன.

எப்படித்தான் சுத்தம் செய்வது?

வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். குழாயை அடியில் விட்டு உறிஞ்சி எடுத்தால் கற்களுக்கிடையே தங்கிய கழிவும் சேர்ந்து வெளியேறும். சேர்ந்திருந்த நைட்ரேட்டும் குறையும். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுங்கள். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும். சோப்பு அருகில் வரவே கூடாது.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரென்றால் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடலாம். ஊற்றும் தண்ணீரின் சூடு தொட்டி நீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் தேவை. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்குக் குறைகிறது. கோடையில் மின்சாரம் போனால் மீன், நுண்ணுயிர் இரண்டுமே தவிக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும். சுத்தம் செய்யும் மீன் என்று சக்கர் மீனை வாங்கிவிடுவார்கள். அது பாசியைத் தின்றாலும் தானும் நிறையக் கழிவு விடும். ஓர் அடிக்கு மேலும் வளரும். தொட்டி கொள்ளவில்லையென்று அதை ஏரியில் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழகத்து ஏரிகளில் பெருகி நம் ஊர் மீன்களுக்குக் கேடு செய்கிறது.

நோய் வந்தால்

உடலெங்கும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது இக் எனும் ஒட்டுண்ணி. புள்ளிக்குள் இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. அது உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை நீந்தி வரும்போதுதான் மருந்து கொல்லும். ஆகவே, புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது. மெத்திலீன் புளூ போன்ற மருந்துகள் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். நோயுற்ற மீனுக்கு வேறு தொட்டியில் வைத்தியம் செய்வதே முறை. புதிதாக வாங்கிய மீனையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளுக்குப் போனால் நிறத்தில் மயங்கி முதலில் மீனைத்தான் வாங்குகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். தொட்டி, ஃபில்டர், அமோனியா சோதனைச் சொட்டு மருந்து முதலில். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அதில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் இரை வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டுவாருங்கள். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு சுழியத்துக்கு இறங்கிய நாளில் இரண்டே இரண்டு மீன்களோடு தொடங்கலாம். அந்தச் சில வாரப் பொறுமைக்குப் பலனாக, ஒரு தங்கமீன் உங்கள் வீட்டில் பத்தாண்டுக்கு மேலும் வாழும்.