ஆற்றில் இறங்கும் முன் மலையைப் பாருங்கள்: படகுப் பயணத்திற்குத் திட்டமிடுவது எப்படி?

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்த முறை எங்கே?" என்ற பேச்சு தொடங்கிவிடும். கேமரன் மலையும் பங்கோர் தீவும் பார்த்துச் சலித்தவர்கள் இப்போது கோப்பெங் ஆற்றில் ரப்பர் படகு ஓட்டக் கிளம்புகிறார்கள்.

சென்ற ஆண்டு நாங்களும் உறவுக்காரர்கள் பத்துப் பேர் வேன் பிடித்துப் போனோம். வெயில் பளிச்சென்று அடித்தது. கட்டணம் கட்டி, மிதவை அங்கியும் மாட்டியாகிவிட்டது. ஆற்றைப் பார்த்துவிட்டு வந்த வழிகாட்டி, "மேலே மழை பெய்கிறது, இன்று படகு இறங்காது" என்று சொல்லிவிட்டார். "வெயில் மண்டையைப் பிளக்குது, இவருக்கு மட்டும் மழை தெரியுதாம்!" என்று மாமா முணுமுணுத்தார். முக்கால் மணி நேரத்தில் தெளிந்த ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. நாங்கள் நின்று படம் எடுத்த பாறை நீருக்குள் போய்விட்டது. மாமா அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

படகுப் பயணத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

எந்த ஆறு?

வேக நீரோட்டங்களை உலக அளவில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்பது சிற்றலை. 3 என்றால் படகைத் திருப்பி வளைத்து ஓட்டத் தெரிய வேண்டும். 5 கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 உயிருக்கே ஆபத்தானது.

கோப்பெங் பகுதியில் ஓடும் கம்பார் ஆறு தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கி வருகிறது. சாதாரண நாள்களில் அதன் தரம் 1 முதல் 3 வரை. முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சபாவில் கியுலு ஆறு 1, 2 என்ற தரத்தில் இருப்பதால் குடும்பங்களுக்குப் பொருந்தும். அதே மாநிலத்தின் பாடாஸ் ஆறு 3, 4 என்று சீறும். முன் அனுபவம் இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

ஆனால் தரம் என்பது கல்லில் எழுதியதல்ல. மழை பெய்தால் 2ஆம் தரம் 4ஆம் தரமாகும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கெப்பாலா ஆயர்

மலையில் கொட்டிய மழை ஒரே திரளாகக் கீழே பாய்ந்து வருவதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர்மட்டம் உயர்வது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். அதனால் காலைப் பயணத்தையே பதிவு செய்யுங்கள். வானிலை பார்க்கும்போது கோப்பெங் நகரத்தோடு நிறுத்தாமல் அதற்கு மேலே உள்ள மலைப்பகுதியையும் பாருங்கள். கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகிறவர்கள் அணையில் நீர் திறப்பது பற்றியும் கேட்டறிய வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• உரிமம் உண்டா? வழிகாட்டிகள் ஆற்று மீட்புப் பயிற்சி பெற்றவர்களா?
• காப்புறுதி கட்டணத்தில் சேர்ந்ததா?
• ஒவ்வொருவருக்கும் உடல் அளவுக்கேற்ற மிதவை அங்கியும் தலைக்கவசமும் உண்டா?
• பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச வயது என்ன?
• ஆறு பெருகினால் பயணத்தை ரத்து செய்வார்களா? பணம் திரும்புமா, தேதி மாறுமா?

கடைசிக் கேள்விக்கு "மழை என்றாலும் இறங்குவோம், பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

நெஞ்சு வலி, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உடையும் நகையும்

வாரால் கட்டிய காலணி அணியுங்கள். சிலிப்பர் முதல் அலையிலேயே போய்விடும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். சங்கிலி, வளையல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, அங்கியை மேலே இறுக்கிக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு வேண்டும்.

விழுந்துவிட்டால்?

ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். எல்லாரும் செய்யத் துடிப்பது அதைத்தான். கால் பாறை இடுக்கில் சிக்கினால் பின்னாலிருந்து வரும் நீர் உடலைக் கவிழ்த்து அழுத்தும். முழங்கால் அளவு நீரிலும் இது நடக்கும். மல்லாந்து படுத்து, பாதங்களை ஆறு போகும் திசையில் நீட்டி, விரல்களை நீருக்கு மேலே வையுங்கள். மீட்புக் கயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள்.

வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் நீரின் வழியே தொற்றக்கூடியது. 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் போட்டியில் கலந்துகொண்ட பல வீரர்கள் அதனால் பாதிக்கப்பட்டார்கள்.

ஒரு மாற்றுத் திட்டம்

எங்கள் குடும்பம் அன்று ஈப்போவில் சாப்பிட்டுவிட்டுக் குகைக் கோயில்களைப் பார்த்துத் திரும்பியது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் மறுபடி போனோம். அதே வழிகாட்டிதான். படகில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் மாமா.

உங்கள் பட்டியலிலும் மழைக்கு ஒரு மாற்று இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு போக்கிடம் இருந்தால், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வது யாருக்கும் கடினமாக இருக்காது.