கரண்ட் வந்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா?

அட்டுவம்பட்டி மாதிரி மலை ஊர்களில் மரக்கிளை ஒடிந்து மின்கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் உலுக்கியபோது என்ன ஆனது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, கரண்ட் போகும்போது மட்டுமல்ல, திரும்பி வரும் அந்த நொடியிலும் இருக்கிறது. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம்.

சரி, ஆன் ஆகவில்லை. முதலில் அதே சாக்கெட்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். வீட்டு பல்பே மங்கலாக எரிந்தால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் சொல்லுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டில் கரண்ட் சரியாக இருந்தால், பெட்டியின் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள், பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா? பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு போட்டுப் பாருங்கள். பல நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும்.

வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் சந்தேகம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி அது. அதை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்! பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்க்கச் சொல்வதே சுலபம். ஒன்று நினைவிருக்கட்டும்: எஸ்.எம்.பி.எஸ். போனால் ஃபைல்களும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும்.

குழப்பம் வருவது 'டிக்... டிக்...' சத்தத்தில்தான். டிஸ்க் போயிடுச்சு என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாகி அது 11.4-க்குக் கீழே இறங்கினால், நல்ல டிஸ்க்கும் சுழல ஆரம்பித்து, நின்று, டிக் டிக் என்னும். அதனால் வேறு பவர் இணைப்பிலும் வேறு கேபிளிலும் ஒரே ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே தட்டுக்கு மேல் மயிரிழையைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்க வேண்டிய ஹெட், தட்டையே உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகவல் சுரண்டப்படுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற வாட்ஸ்அப் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம்தான் கோக்கும். நம் ஊர்க் குளிரில் வெளியே இருந்த பெட்டியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தாலும், ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு ஆன் செய்வது நல்லது.

டிஸ்க் மெதுவாகி, ஃபைல் திறக்கத் திணறுகிற கட்டத்திலேயே விழித்துக்கொண்டால் பிழைக்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும். மஞ்சள் நிறம் வந்தால் முதல் வேலை காப்பி எடுப்பதுதான். 'செக்டிஸ்க்' ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் வாட்டும்.

எதை முதலில் காப்பி எடுப்பது? பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கும், உங்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அட்டுவம்பட்டி அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி மூன்று வருடம் எழுதிய ஆய்வேடு எந்த அரசுச் சர்வரிலும் கிடையாது. அப்பாவின் பழைய போட்டோக்களும் அப்படித்தான். அவைதான் முதலில். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று கூகுள் டிரைவில்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் 'யு.பி.எஸ்.' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போடாவிட்டால், கரண்ட் மாறும் கண்ணிமைக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.