வேரோடு வரைந்தவர்

இடிந்த கோட்டை, அதன் மதிலைப் பிளந்து நிற்கும் ஆலமரம் என்றால் எந்த ஓவியருக்கும் கை துறுதுறுக்கும். பிளாட்பார ஓரத்தில் முளைத்த ஒரு சாண் பூண்டை யார் வரைவார்? லண்டனில் மைக்கேல் லாண்டி என்ற கலைஞர் வரைந்தார்.

அதற்கு முன் அவர் செய்தது நேர்மாறான வேலை. 2001 பிப்ரவரியில், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மூடிக்கிடந்த ஒரு துணிக்கடையில், கார் முதல் பாஸ்போர்ட் வரை தனக்குச் சொந்தமான 7,227 பொருட்களையும் இரண்டு வாரத்தில் பிரித்துப் பிரித்து அரைத்துத் தள்ளினார். எல்லாம் போன பிறகு தெருப்பூண்டுகளைப் பிடுங்கி வந்து, தொட்டியில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்து வரைந்தார். 2002இல் 'நரிஷ்மென்ட்' என்ற பெயரில் அவை 12 எட்சிங் படங்களாக வெளிவந்தன.

எட்சிங் அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு கொடுத்து, அதில் ஊசியால் கீற வேண்டும். ஊசி செம்பை வெட்டுவதில்லை, மெழுகை மட்டும் விலக்குகிறது. அதனால் பேனா போலத் தடையில்லாமல் ஓடும். மயிரிழை வேரையும் இழுத்துவிடலாம். வெட்டுகிற வேலை அமிலத்துடையது. தகட்டை அதில் அமிழ்த்தினால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிபடும். அதிக நேரம் ஊறினால் பள்ளம் ஆழமாகும், கோடு கறுக்கும். மெல்லிய கோடுகள் போதுமென்றால் தகட்டை எடுத்து, அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மீண்டும் ஊறவிடுவார்கள். பிறகு மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே விரித்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும், இடம் வலம் மாறி.

அவர் வரைந்தவற்றில் ஒன்று ஷெப்பர்ட்ஸ் பர்ஸ். கடுகுக் குடும்பம். தரையோடு வட்டமாகப் படிந்த இலைகள், நடுவே ஈர்க்குச்சித் தண்டு, நுனியில் நாலிதழ் வெள்ளைப் பூ, கீழே இதய வடிவக் காய்கள். மேய்ப்பனின் சுருக்குப்பை போலிருப்பதால் இந்தப் பெயர். விதை ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

நகரம் இந்தத் தெருப்பூண்டுகளுக்குப் பகையிடம் என்று நாம்தான் நினைக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ராக்வர்ட் என்ற செடியின் மூதாதைகள் சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் வளர்ந்தவை. ஆக்ஸ்ஃபோர்டு தாவரத் தோட்டத்திலிருந்து தப்பிய அந்தச் செடி, ரயில் பாதையில் கொட்டிய கரிக்கசடைக் கண்டதும் சொந்த ஊருக்கே வந்ததுபோலப் பரவிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்த லண்டன் மனைகளிலும் பூத்தது.

லாண்டியோடு எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. படத்தின் பின்னணி வெறும் வெள்ளைத் தாள். தெருவும் இல்லை, சிமெண்டும் இல்லை. வேரின் கோணலைப் பார்த்துத்தான் செடி முளைத்திருந்த விரிசலை ஊகிக்க வேண்டியிருக்கிறது.