இளமை வளர்ப்பும் வன்செயலும்

அடிபட்டு வளர்ந்தவன் பின்னர் அடிப்பவனாவான் என்பர் பலர். இஃது எத்துணை உண்மை என ஈண்டு ஆராய்வோம். அமெரிக்க உளநூற் பேராசிரியை கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவேடுகளில் இடம்பெற்ற, கொடுமைக்கோ புறக்கணிப்பிற்கோ ஆளான 908 சிறாரை, வயதும் பாலும் குடும்பநிலையும் ஒத்த 667 பேரோடு ஒப்பிட்டார். பின்னாளில் வன்குற்றத்திற்காகக் கைதானோர் முன்னவருள் நூற்றுக்கு 11 பேர்; பின்னவருள் 8 பேர். வேறுபாடு உண்டு, ஆயினும் முன்னவருள் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு கைதாகவில்லை என்பதை மறத்தலாகாது.

நாம் சிறப்பாகக் கருதுவது பிறிதொன்று. அடிபடாது, பேணுவாரின்றி விடப்பட்ட சிறாருள்ளும் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் கைதாயினர். ஆகவே, கையோங்கிய தந்தையை மட்டுமே காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. பிள்ளையை ஏறெடுத்தும் பாராத வீட்டையும் உடன்வைத்து எண்ணவேண்டும். கைதுப் பதிவே ஈண்டு அளவுகோலாதலின், பிடிபடாதார் இக்கணக்கில் அடங்கார்.