ஃபைனலில் தோற்ற யுனைடெட்: ரசிகர்கள் கோபத்தில் எது நியாயம், எது வெறும் ஆத்திரம்?

மறுநாள் ஆபீஸ் இருந்தும் 2025 மே 22 அதிகாலை 12.30 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்த மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்குக் கிடைத்தது 1-0 தோல்வி. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த யூரோப்பா லீக் ஃபைனலில் ஜெயித்தது டாட்டன்ஹாம். 42-வது நிமிடத்தில் ஒரு கிராஸ், லூக் ஷா மேல் பட்டு, தடுமாறி உள்ளே போன பந்து. கணக்கில் ப்ரென்னன் ஜான்சன் கோல். அழகான கோல்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த நேரத்தில் பிரீமியர் லீக் பட்டியலில் யுனைடெட் 16-வது இடம், டாட்டன்ஹாம் 17-வது இடம். அதாவது லீக்கில் தடுமாறிய இரண்டு டீம்களில் ஒன்றுக்கு சாம்பியன்ஸ் லீக் டிக்கெட் கிடைக்கும் என்ற நிலை. டாட்டன்ஹாமுக்கு அது 17 வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் கோப்பை. யுனைடெட்டுக்கு அடுத்த சீசன் ஐரோப்பியப் போட்டியே கிடையாது. 2014-15-க்குப் பிறகு இப்படி ஆவது இதுதான் முதல்முறை.

மூன்று நாள் கழித்து ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்று 15-வது இடத்தில் சீசனை முடித்தார்கள். 38 மேட்சில் 42 புள்ளி, 18 தோல்வி, அதில் 9 சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில். 1973-74-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு கிளப் இவ்வளவு கீழே முடித்ததே இல்லை.

ரசிகர்கள் என்ன சொன்னாங்க? அப்போதைய கோச் ரூபன் அமோரிமின் ஃபார்மேஷன் செட் ஆகலை என்று ஒரு கூட்டம். கோல் அடிக்க ஆளே இல்லை என்று இன்னொரு கூட்டம். ஓனர்களான கிளேசர் குடும்பம்தான் எல்லாத்துக்கும் காரணம் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை.

ஃபார்மேஷன் பிரச்சினை என்றால் என்ன?

அமோரிம் ஆடியது 3-4-2-1. பின்னால் மூன்று டிஃபெண்டர்கள், நடுவில் இரண்டு மிட்ஃபீல்டர்கள், இரண்டு ஓரத்திலும் விங்-பேக்குகள், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் உள்பக்கமாக இரண்டு பேர். இதில் கோட்டை ஒட்டி ஓடும் விங்கருக்கு இடமே கிடையாது. மைதானத்தின் அகலம் முழுவதையும் விங்-பேக் ஒருத்தரே மேலும் கீழும் ஓடிச் சமாளிக்கணும். அப்படி ஓடக்கூடிய நல்ல விங்-பேக் இருந்தால் இது ஓடும், இல்லையென்றால் படுத்துவிடும்.

யுனைடெட்டில் இருந்தது யார்? முந்தைய கோச் எரிக் டென் ஹாக்கின் 4-2-3-1-க்காகச் சேர்த்த டீம். கார்னாச்சோ, ராஷ்ஃபோர்டு, ஆன்டனி என்று விங்கர்கள் நிறைய, விங்-பேக் என்று சொல்லிக்கொள்ள ஆள் குறைவு. வலது காலில் ஆடும் டாலோவை இடது ஓரத்தில் ஆட வைத்தார்கள். ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோவில்தான் லெச்சே கிளப்பிலிருந்து பேட்ரிக் டோர்குவை வாங்கினார்கள். ராஷ்ஃபோர்டையும் ஆன்டனியையும் கடனாக வெளியே அனுப்பினார்கள்.

இன்னொரு சிக்கல், நடுவில் இரண்டே பேர். எதிரணி மூன்று மிட்ஃபீல்டரோடு வந்தால் அங்கே எப்பவும் ஒருத்தர் ஃப்ரீ. காசிமிரோவின் அனுபவம் பெரிசு, ஆனால் 33 வயதில் அந்த இடைவெளியை ஓடியே மூட முடியாது.

ஃபைனலைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரிந்திருக்கும். கோல் அடித்ததும் டாட்டன்ஹாம் மொத்தமாகப் பின்னால் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பந்து பெரும்பாலும் யுனைடெட்டிடம்தான். ஆனால் நெருக்கமாக நிற்கும் டிஃபென்ஸை உடைக்கத் தெரியவில்லை. கிராஸ் மேல் கிராஸ் போட்டார்கள். ஹொய்லண்டின் ஒரு ஹெட்டரைக் கோல் கோட்டில் இருந்து வான் டி வென் காலால் எட்டித் தட்டிவிட்டதுதான் நெருங்கி வந்த வாய்ப்பு. எதிரணி திறந்து ஆடினால் யுனைடெட் நன்றாகவே ஆடியது. ஃபைனல் வரைக்கும் யூரோப்பா லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை, லியோனை எக்ஸ்ட்ரா டைமில் 5-4 என்று வென்ற ராத்திரியை யாரும் மறக்கமாட்டார்கள். பூட்டிய கதவைத் திறக்கத்தான் சாவி இல்லை. லீக்கில் சின்ன டீம்கள் எல்லாம் வாராவாரம் செய்ததும் இதைத்தான்.

அதற்காக அமோரிமைச் சும்மா விட்டுவிட முடியாது. அந்த சீசனில் அவர் பொறுப்பில் நடந்த 27 லீக் மேட்சில் எடுத்த புள்ளி 27. ஜெயித்தது 7, தோற்றது 14. தொடர்ந்து இரண்டு லீக் மேட்ச் ஜெயித்ததே இல்லை. யுனைடெட்டை விடக் குறைந்த சம்பள பில் உள்ள நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 7-வது, பிரைட்டன் 8-வது, போர்ன்மவுத் 9-வது இடத்தில் முடித்திருக்கின்றன. "ஆள் சரியில்லை" என்ற வாதம் 8, 9-வது இடம் வரை எடுபடும். 15-வது இடத்துக்கு எடுபடாது.

கோல் அடிக்க ஆள் இல்லையா?

இல்லைதான். லீக்கில் ஹொய்லண்டு 4 கோல், சிர்க்சீ 3 கோல். இரண்டு ஸ்ட்ரைக்கரையும் வாங்கக் கொடுத்த விலை மொத்தம் 10 கோடி பவுண்டுக்கு மேல். கேப்டன் ப்ரூனோ ஃபெர்னாண்டஸும் அமாத்தும் ஆளுக்கு 8 அடிக்காமல் போயிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் ஸ்காட் மெக்டாமினே. 2024 ஆகஸ்டில் சுமார் 2.5 கோடி பவுண்டுக்கு அவரை நாப்போலிக்கு விற்றார்கள். ஃபைனல் முடிந்த இரண்டாவது நாள் நாப்போலி இத்தாலி லீக் சாம்பியன். சாம்பியன் ஆன அந்த மேட்சிலும் மெக்டாமினே கோல் அடித்தார். லீக்கில் 12 கோல், சீசனின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். யுனைடெட்டின் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் சேர்ந்து அடித்தது 7.

ஏன் விற்றார்கள்? இங்கேதான் கணக்குப் புத்தகம் வருகிறது. பிரீமியர் லீக்கில் அப்போது பிஎஸ்ஆர் என்று ஒரு விதி இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்ட் வரைதான் நஷ்டம் காட்டலாம் என்றது அது. மீறினால் புள்ளியே கழிப்பார்கள். எவர்டனுக்கும் ஃபாரஸ்டுக்கும் 2023-24-ல் அப்படி நடந்தது. வெளியிலிருந்து வாங்கும் வீரரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கு எழுதுவார்கள். 10 கோடிக்கு 5 வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 2 கோடி செலவு. இரண்டு வருடம் கழித்து விற்கும்போது கணக்கில் மிச்சம் 6 கோடி. அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். கிளப்பின் அகாடமியிலேயே வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. அதனால் விற்ற பணம் முழுக்க லாபம்!

விளைவு தலைகீழாக இருக்கிறது. 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி, சரியாக ஆடாத ஆன்டனியை விற்பது கஷ்டமாக இருந்தது. வீட்டுப் பிள்ளை மெக்டாமினேயை விற்பது சுலபமாக இருந்தது. ஃபாரஸ்டுக்கு விற்ற இன்னொரு அகாடமி பையன் எலாங்கா, ஏப்ரல் 1-ம் தேதி யுனைடெட்டுக்கு எதிராகவே கோல் அடித்து 1-0 என்று ஜெயிக்க வைத்தார். முட்டாள்கள் தினம் வேறு.

அப்போ ஓனர்கள்?

2005-ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியபோது, பெரும்பகுதி கடன் வாங்கிய பணம். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். வீட்டை வாங்க எடுத்த லோனுக்கு அந்த வீட்டையே இஎம்ஐ கட்டச் சொன்ன மாதிரி. இருபது வருடமாக ரசிகர்கள் போராடுவது இதற்காகத்தான்.

ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து கால்பந்து சம்பந்தப்பட்ட முடிவுகள் ஜிம் ராட்க்ளிஃபின் இனியோஸ் குழுமத்தின் கையில். அவர்கள் எடுத்த முடிவுகளை வரிசையாகப் பாருங்கள். 2024 ஜூலையில் டென் ஹாக்குக்கு ஒப்பந்த நீட்டிப்பு. அவருக்காக சுமார் 20 கோடி பவுண்டுக்கு வீரர்கள். அக்டோபர் 28-ல் அவரே நீக்கம். நவம்பரில், முற்றிலும் வேறு ஃபார்மேஷன் ஆடும் அமோரிம். சீசன் முடிந்து வருகிறேன் என்று அவர் விரும்பியும், இப்போதே வா, இல்லையென்றால் வேண்டாம் என்று கிளப் சொன்னது. டிசம்பரில், வந்து ஐந்தே மாதமான ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த் வெளியே. டென் ஹாக் குழுவையும் ஆஷ்வொர்த்தையும் அனுப்ப ஆன செலவு மட்டும் 1.45 கோடி பவுண்ட்.

அதே சமயம் செலவைக் குறைக்கிறோம் என்று சுமார் 250 ஊழியர்களை வேலையை விட்டு எடுத்தார்கள். பிறகு இன்னும் 200 பேர் வரை போகலாம் என்று அறிவிப்பு. ஊழியர்களின் இலவச மதிய உணவு நின்றது. சீசன் நடுவில் மெம்பர் டிக்கெட் 66 பவுண்ட், சிறுவர்களுக்கும் சலுகை இல்லை. லேஆஃப் மெயில் வந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. மேலே எடுத்த தப்பான முடிவுக்குக் கீழே இருக்கிறவர் பில் கட்டுவார்.

என் பார்வையில் ரசிகர்களின் கோபம் சரியாக விழ வேண்டிய இடம் இந்த வரிசைதான். பிடிவாதமான கோச்சை எடுத்தது தப்பில்லை. எந்த வீரரும் அவருக்காக வாங்கப்படாத டீமை, சீசன் நடுவில், பிராக்டிஸுக்கு நேரமே இல்லாத அட்டவணையில் அவரிடம் கொடுத்ததுதான் தப்பு.

கோச்சை மாற்றினால் சரியாகுமா?

தோல்விக்குப் பிறகு அமோரிமே, நிர்வாகமும் ரசிகர்களும் நான் வேண்டாம் என்று நினைத்தால் இழப்பீடு வாங்காமல் போய்விடுகிறேன் என்றார். ஆனால் 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு மொய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், ராங்னிக், டென் ஹாக் என்று எத்தனை பேர்! ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டைல், ஒவ்வொரு ஸ்டைலுக்கும் புது ஷாப்பிங். முந்தையவர் வாங்கியவர்கள் பெரிய சம்பளத்தோடு மிச்சம். அப்போது இன்னொருவர் வந்திருந்தால் அதே பில் மறுபடியும்.

சாம்பியன்ஸ் லீக் போனதால் 10 கோடி பவுண்ட் வரை வருமானம் கைவிட்டுப் போனதாகக் கணக்கிடப்பட்டது. அடிடாஸ் ஒப்பந்தத்திலும் ஒரு கோடி பவுண்ட் குறையும் என்ற நிலை. இதில் இருந்த ஒரே ஒரு நல்லது, வாரத்துக்கு ஒரு மேட்ச்தான் என்பது. அமோரிம் அதுவரை கேட்டும் கிடைக்காத பிராக்டிஸ் நாட்கள் அடுத்த சீசனில் கிடைக்கும் என்ற நிலை. அதற்குப் பிறகும் புள்ளி வராவிட்டால் அவர் சொல்ல காரணம் இருக்காது என்பதுதான் அப்போதைய கணக்கு.

2025 கோடையில் யாரை வாங்குகிறார்கள் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரை விற்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியதாக இருந்தது. காசிமிரோ, ஆன்டனி போன்ற பெரிய சம்பளக்காரர்கள் போனால் டீமைத் திட்டம் போட்டுக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அகாடமியில் வளர்ந்த கோபி மைனூ, கார்னாச்சோ விற்பனைப் பட்டியலில் முதலில் வந்தால், மெக்டாமினே விஷயத்தில் போட்ட அதே கணக்கைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.